ஏமாந்துபோன ஒயர்

அவருடைய பட்டறையில் தப்பு என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. ஹாரனை அழுத்தினால் வைப்பர் ஆடுகிற வண்டி வந்து நிற்கும். "ஒயரு கொஞ்சம் ஏமாந்துபோச்சுங்க" என்பார். பேட்டரியை மாற்றி மாட்டி டேப் செட்டைப் பொசுக்கிக் கொண்டுவந்து நீட்டுவார்கள். "செட்டு அவசரப்பட்டுருச்சுங்க" என்பார். ஒருமுறை ஒரு வக்கீல் வீட்டுக் குழந்தை கேசட் போடும் வாயில் முறுக்கை உடைத்துத் திணித்துவிட்டது. வக்கீல் குழந்தையை முறைத்துக்கொண்டு நிற்க, இவர் இடுக்கியால் ஒவ்வொரு துண்டாக எடுத்து வைத்துவிட்டு, "பாவம், செட்டுக்குப் பசிச்சிருக்குதுங்க" என்றார். ஒயர் ஏமாறும், ஸ்குரூ மறந்துபோகும், பியூஸ் கோபித்துக்கொள்ளும். மனிதர்கள் மட்டும் எதுவும் செய்துவிட மாட்டார்கள்.

காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு லாட்ஜுக்கும் துணிக்கடைக் குடோனுக்கும் நடுவே, ஒரே ஒரு கார் நுழைகிற அளவு இடம். அதுதான் பட்டறை. காலர் பட்டன் வரை போட்ட வெள்ளைச் சட்டை, காதில் செருகிய டெஸ்டர், சட்டைப் பையில் ஒரு டார்ச் லைட் செல். கார்களில் டேப் செட் மாட்டுகிறவர் என்பதால் எல்லோருக்கும் அவர் செட்டுக்காரர். அவர் பெயரை நான் கடைசிவரை கேட்கவில்லை. இத்தனைக்கும் பெயர் கேட்பதுதான் என் பிழைப்பு.

கணபதி பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் நான் தரம் பார்க்கிறவன். கெட்டுப்போன மோட்டார் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்புச் சீட்டு எழுதிக் கட்ட வேண்டும். என்ன கோளாறு, யார் செய்தது, கையெழுத்து. கோளாறைக் கண்டுபிடிப்பதில் பாதிச் சந்தோஷம், ஆளைக் கண்டுபிடிப்பதில் மீதிச் சந்தோஷம். என்னைக் கண்டால் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற ஒயிண்டிங் பிரிவில் பேச்சு நின்றுவிடும். அதை மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி.

எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம் ஆகியிருந்தது. மாமனாருக்குப் பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்பு. எனக்கோ மாசச் சம்பளம் மட்டும். சம்பந்தம் பேசும்போது மாமனாரின் அண்ணன், என் பெரிய மாமனார், சபையிலேயே சொல்லியிருக்கிறார்: "தோட்டங்காடு இல்லாத பையன். பேனா புடிக்கற கை. ஊட்டுல ஒரு ஆணி அடிக்கோணும்னாலும் ஆளத் தேடுவான்." யாரோ நல்லெண்ணத்தில் அதை எனக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். நாலு மாதமாக அந்த ஆணி எனக்குள்தான் குத்திக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் மாமனார் தன் பழைய வெள்ளைக் காருக்கு இரண்டு முன் கதவுகளிலும் ஸ்பீக்கர் வைக்க ஆசைப்பட்டார். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஆனைமலை மாசாணியம்மன் கோவிலுக்குப் போவதாகத் திட்டம். முன் சீட்டில் பெரிய மாமனார் உட்கார்ந்து வருவார். கடையில் கொடுத்து மாட்டிவிடலாம் என்று மாமனார் சொல்லி முடிப்பதற்குள் நான் பாய்ந்தேன்.

"கடைக்கு எதுக்குங்க மாமா? நானே கட்டிப்போடறேனுங்க."

காந்திபுரத்தில் ஸ்பீக்கர் வாங்கிக்கொண்டு போய், தோப்பு வீட்டு வாசலில் காரை நிறுத்தி, அந்த ஞாயிறு முழுவதும் வேலை பார்த்தேன். கதவு அட்டையை ரம்பத்தால் வட்டமாக அறுத்தேன். இடது கதவுக்கு ஒயர் எட்டவில்லை. வீட்டில் கிடந்த பம்ப்செட் ஒயரை ஒட்டுப் போட்டேன். அதில் இரண்டு இழையும் ஒரே நிறம். கதவு அட்டைக்கு ஆறு ஆறு ஸ்குரூ. இடது பக்கத்தில் ஒன்று கைதவறிக் கதவுக்குள் விழுந்து காணாமல் போனது. ஐந்தோடு மூடிவிட்டேன். யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்?

வெள்ளோட்டத்துக்கு எங்கள் கல்யாண மேளத்தைப் பதிவு செய்த கேசட்டையே போட்டேன். நாதஸ்வரம் கேட்டது. ஆனால் தவில் இல்லை. எங்கோ தூரத்தில் யாரோ தகர டப்பாவைத் தட்டுவது மட்டும் கேட்டது. தவில்காரர் கல்யாணத்துக்கே வரவில்லை போலிருந்தது.

"அருமைங்க மாப்ள" என்றார் மாமியார்.

"கணீர்னு கேக்குதுங்க" என்றார் மாமனார்.

என் மனைவி தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. மாப்பிள்ளை கல்லை வேகவைத்துக் கொடுத்தாலும் பக்குவமாக வெந்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அதனால் நமக்கு நாமே தெரிந்துகொண்டால்தான் உண்டு.

எனக்குத் தெரிந்துதான் இருந்தது. திங்கட்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டு அங்கேயே தங்கினேன். கேசட்டை மாற்றினேன். டேப்பின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். கனத்த சத்தத்தைக் கூட்டுகிற பேஸ் திருகை முழுதாகத் திருகினேன். கதவு வெற்றாக இருந்தால் சத்தம் எடுபடாது என்று எப்போதோ யாரோ சொன்னது நினைவுக்கு வந்து, ஒரு தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சை இரண்டு கதவுக்குள்ளும் அடைத்தேன். மறுநாள் காலையில் மாமனார் சர்க்கரை போடாத தன் டீயோடு வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கி ஏற்றினார். கண்ணாடியோடு பஞ்சும் ஏறி வந்து, பறந்து, அவர் மீசையில் போய் உட்கார்ந்தது.

அவர் அதை நிதானமாக எடுத்துப் பார்த்தார். "மில்லு ரோட்டுல போயிட்டு வந்தேனுங்க மாப்ள. அங்கிருந்து பறந்து வந்திருக்குமாட்டங்குது" என்றார். கார் மூன்று நாளாக வாசலை விட்டு நகரவில்லை.

கோயம்புத்தூருக்குத் திரும்பும் பஸ்ஸில் என் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஏனுங்க, எங்கப்பாவுக்குக் காது நல்லாக் கேக்குமுங்க."

எனக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முன் சீட்டில் பெரிய மாமனார் தகர டப்பாவைக் கேட்டுக்கொண்டே ஆனைமலை வரை வருவார். நான் பின் சீட்டில் உட்கார்ந்து அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அவர் வாயே திறக்க வேண்டியதில்லை.

சனிக்கிழமை காலையிலேயே பொள்ளாச்சிக்குப் போய், கார் ஆயில் மாற்றி வருகிறேன் என்று மாமனாரிடம் சொன்னேன். நான் வாய் மூடுவதற்குள் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். நேராக ஸ்பீக்கர் வாங்கின கடைக்கு ஓட்டிவந்து, சரக்கு சரியில்லை என்று சண்டைக்கு நின்றேன். கடைக்காரர் என் கத்தலை முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தச் சந்துல செட்டுக்காரரு இருப்பாருங்க. ஒருக்காக் காமிச்சுப்போட்டு வாங்க" என்றார். அப்படித்தான் அவரை முதலில் பார்த்தேன்.

அந்தக் காரின் இடது கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் ஒரு காளை சாய்ந்து நின்றதில் அது கொஞ்சம் கோணிவிட்டது. கைப்பிடியை மேலே தூக்கி, கீழே முழங்காலால் ஒரு இடி கொடுத்தால்தான் திறக்கும். வீட்டு ஆட்களைத் தவிர யாருக்கும் அந்த வித்தை பழகாது. செட்டுக்காரர் வந்தார், தூக்கினார், இடித்தார், திறந்தார். தொழில்காரன் கையென்றால் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மேளக் கேசட்டைப் போடச் சொன்னார். பின் சீட்டில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பிறகு முன்னால் வந்து, சத்தம் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று வைக்கிற திருகை முழுக்க வலது பக்கம் திருப்பினார். தவில் வந்தது! இடது பக்கம் திருப்பினார். அப்போதும் வந்தது. நடுவில் வைத்தார். போய்விட்டது.

"தனித்தனியா ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசறாங்க. ஒண்ணா உக்கார வெச்சாத்தான் பேச்சு நின்னுபோவுதுங்க" என்றார்.

செட்டிலிருந்து ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றி வெளியே இழுத்தார். பையிலிருந்த டார்ச் செல்லை என் கையில் கொடுத்தார். வலது கதவு ஒயர் இரண்டையும் செல்லின் மேல்முனையிலும் அடிமுனையிலும் தொடச் சொன்னார். இன்னொரு கையின் விரலை ஸ்பீக்கரின் காகிதத்தில் வைக்கச் சொன்னார்.

"தள்ளுதுங்களா சார்?"

"தள்ளுதுங்க."

"இப்ப அந்தப் பக்கம்."

இடது பக்கம் அதேபோலத் தொட்டேன். என் விரலுக்கடியில் காகிதம் உள்ளே இழுத்துக்கொண்டது. மறுபடியும் தொட்டேன். மறுபடியும் இழுத்தது. செட்டுக்காரர் லாட்ஜு மாடியில் காய்கிற லுங்கிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். வலது ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது இடது ஸ்பீக்கர் அதே காற்றை விழுங்கிக்கொண்டிருக்கிறது. ஒரே நிறத்தில் இருந்த அந்தப் பம்ப்செட் ஒயரை நான்தான் தலைமாற்றிக் கட்டியிருக்கிறேன். வருஷம் முழுக்க மோட்டாரில் இதைத்தான் பிடித்துச் சிவப்புச் சீட்டு எழுதுகிறேன். காது இரண்டும் சூடாகிவிட்டன.

"ஒயரு கொஞ்சம் ஏமாந்துபோச்சுங்க" என்றார் அவர்.

"ஒயர் ஏமாறலீங்க. நான்தான் மாத்திக் கட்டிப்போட்டேன்."

"அப்படியும் வெச்சுக்கலாமுங்க."

ஸ்குரூ டிரைவரையும் என்னிடமே நீட்டினார். "கட்டுன கையே மாத்தட்டுங்க. நாளைக்கு யாராச்சும் கேட்டா நாங் கட்டுனதுன்னு நீங்க தெகிரியமாச் சொல்லலாமுங்க" என்றார். இடது கதவின் ஆறு ஸ்குரூவையும் கழற்றித் தகர மூடியில் போட்டுவிட்டு, ஒட்டைப் பிரித்து ஒயரை மாற்றிக் கட்டினேன். இரண்டு கதவிலிருந்தும் முக்கால் தலையணை வெளியே வந்தது. அதையும் அவர் கேலி செய்யவில்லை. ஒரு பையில் அடைத்து, "திரும்பத் தலகாணிக்கு ஆவுமுங்க" என்று கொடுத்தார்.

கேசட்டைப் போட்டோம். தவில்காரர் கதவை உடைத்துக்கொண்டு கல்யாணத்துக்கு வந்து சேர்ந்தார். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

மீட்டர் வைத்துப் பார்க்காமல் செல்லை வைத்துப் பார்க்கிறாரே என்று கேட்டேன். மீட்டர் இருந்ததாம். யாரோ பட்டறையிலிருந்து எடுத்துப் போய்விட்டார்களாம். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும், ஆனைமலைக்குப் போய் மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வா என்று துரத்தியிருக்கிறார்கள். களவு கொடுத்தவர்கள் அங்கே நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசினால் எடுத்தவனுக்கு உடம்பெல்லாம் எரியும் என்பது நம்பிக்கை.

"போனீங்களா?"

"இல்லீங்க. எடுத்தவரு நமக்குத் தெரிஞ்சவராத்தான் இருப்பாரு. எரிஞ்சா அவரு நம்மகிட்டத்தான் வந்து சொல்லுவாரு. நம்மனால பாக்க முடியாதுங்க."

மறுநாள் பெரிய மாமனார் முன் சீட்டில் ஏறினார். மாமனார் கேசட்டைப் போட்டார். பிடிக்காததைக் கேட்டால் காது மடலைச் சுண்டிக்கொள்வது பெரிய மாமனாரின் வழக்கம் என்பார்கள், அன்று சுண்டவில்லை. தோப்புத் தாண்டியதும் அவருடைய வலது கை முழங்காலில் தாளம் போட ஆரம்பித்தது. நான் பின் சீட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"யாரு கட்டுனது?"

"நம்ம மாப்ளதானுங்கண்ணா" என்றார் மாமனார். திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"சத்தம் கொஞ்சம் சாஸ்தி" என்றார் பெரிய மாமனார். ஆனால் குறைக்கச் சொல்லவில்லை. என் மனைவி என் கையைக் கிள்ளினாள். கோவிலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த இடத்தைத் தாண்டும்போது எனக்குக் கண் எரிந்தது. மீட்டரை எடுத்தவன் எங்கேயோ சௌக்கியமாக இருக்கிறான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் காரணமே இல்லாமல் அந்தச் சந்துக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன். ஆனால் அவருடைய அந்தக் குணம் எனக்கு எப்போதும் இனித்தது என்று சொல்ல முடியாது. ஒருநாள் ஒரு வியாபாரியின் வேன் வந்தது. செட் ஒயர் கருகி, டேஷ்போர்டு உருகியிருந்தது. போன வாரம் இவர்தான் செட் மாட்டிக் கொடுத்திருந்தார். வியாபாரி தெருவே கூடும்படி இவரைத் திட்டினார். நான் எட்டிப் பார்த்தேன். இவர் கட்டின இடத்துக்குக் கீழே யாரோ பியூஸ் இல்லாமல் ஒரு ஏர் ஹாரனை இழுத்துக் கட்டியிருந்தார்கள். வேன் டிரைவர் முகம் வெளுத்துப்போய் நின்றதைப் பார்த்ததுமே எனக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தேன். செட்டுக்காரர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"ஒயரு ஏமாந்துபோச்சுங்க. நான் மாத்திக் குடுத்தர்றேனுங்க" என்றார் வியாபாரியிடம்.

வியாபாரி போன பிறகு நான் கொதித்தேன். "உங்க நல்ல மனசு ஒருநாளைக்கு ஆளோட வண்டிய எரிச்சுப்போடுமுங்க. தப்புக்கு ஒரு பேரு வேணுமில்லீங்களா?"

அவர் டிரைவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அந்த ஹாரன் ஒயரை டிரைவர் கையாலேயே பிரிக்கவைத்து, பியூஸ் போட்டு, மூன்று முறை கட்டிக் கழற்றவைத்தார். டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கட்டினார். சாயங்காலம் என்னிடம், "பேரச் சொல்லியிருந்தா அவருக்கு வேல போயிருக்குமுங்க. அடுத்த வண்டியிலயும் போயி இதேமாரித்தான் கட்டுவாருங்க" என்றார். சரிதான். ஆனாலும் தெருவில் வாங்கிய அந்தத் திட்டு அவருக்கு உரியதில்லை. எனக்கு அதில் இன்றும் உடன்பாடு கிடையாது. கம்பெனியில் சிவப்புச் சீட்டும் எழுதிக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து மாமனார் புதுக் கார் வாங்கினார். அதற்கும் செட் மாட்ட வேண்டும். இந்த முறை நான் பாயவில்லை.

"காந்திபுரத்துல எனக்கு ஒரு ஆளத் தெரியுமுங்க மாமா. கெட்டிக்காரரு."

"அப்படிங்களா? கூட்டிக்கிட்டுப் போங்க மாப்ள" என்றார், ஒன்றும் அறியாதவராக.

சந்து முனையில் காரை நிறுத்திவிட்டு முதலில் நடந்து போனோம். செட்டுக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். "வாங்க சார், வாங்க. இவிங்க மாமனாருங்களா?" என்று கேட்டார். நான் பெருமையாக அறிமுகம் செய்து வைத்தேன். இவர் கை பட்டால் எந்தச் செட்டும் பேசும் என்றேன். மாமனார் ஆச்சரியமாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். செட்டுக்காரர் எதிர் டீக்கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அண்ணா, மூணு டீங்க. ஒண்ணு சக்கர இல்லாம."

டீ வந்தது. மாமனார் யோசிக்காமல் தனியாக இருந்த கிளாஸை எடுத்துக்கொண்டார்.

நான் அந்தக் கிளாஸையே பார்த்தேன். மாமனாருக்குச் சர்க்கரை ஆகாது என்று இந்தச் சந்தில் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. பிறகு எனக்கு எண்ணிக்கை ஓட ஆரம்பித்தது. காளை சாய்ந்த கதவை அன்று முதல் இடியிலேயே திறந்த முழங்கால். நான் ஐந்தே ஸ்குரூ போட்டு மூடிய கதவிலிருந்து கழற்றின ஆறு ஸ்குரூ. நான் கேட்டு முடிப்பதற்குள் கைக்கு வந்த சாவி. அந்த வாரமே, எனக்கு முன்னாலேயே, மாமனார் அந்தக் காரை இங்கே கொண்டுவந்திருக்கிறார். இவர் கதவைப் பிரித்திருக்கிறார், கோளாறைப் பார்த்திருக்கிறார், தொடாமல் அப்படியே மூடியிருக்கிறார். கட்டினவரே வருவார் என்று காத்திருக்கலாம் என்று சொன்னது இவரா, அவரா, எனக்கு இன்றுவரை தெரியாது. என் மானத்துக்காக ஒயரை அப்படியே விட்டவருக்கு, காலியாக இருந்த ஸ்குரூ ஓட்டையை மட்டும் விட மனம் வரவில்லை. எண்ணுவதே பிழைப்பாக இருக்கிற நான் அன்று அதை எண்ணவில்லை.

வெட்கமாக இருந்தது. அதைவிட அந்த இரண்டு பேர் மீதும் எனக்குத் தாங்க முடியாத பிரியமாக இருந்தது.

நான் கிளாஸைப் பார்ப்பதை மாமனார் பார்த்துவிட்டார். குடிக்கப்போன கை பாதியில் நின்றது. அவர் பார்ப்பதைச் செட்டுக்காரர் பார்த்தார். காதிலிருந்த டெஸ்டரை எடுத்து, துடைத்து, மறுபடி காதிலேயே வைத்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குப் பழி போட ஒரு ஒயர்கூட அகப்படவில்லை. கோளாறும் தெரிந்து, ஆட்களும் தெரிந்து, சிவப்புச் சீட்டுக்காரன் நான் ஒருவன்தான் அங்கே வாய் திறக்க வேண்டியவனாக இருந்தேன்.

என் டீயை ஒரு வாய் குடித்தேன்.

"உங்க கிளாஸுல சக்கர கொஞ்சம் ஏமாந்துபோச்சாட்டங்குதுங்க மாமா" என்றேன்.

"ஆமாங்க மாப்ள, ஏமாந்துதான் போச்சு" என்று சொல்லிவிட்டு மாமனார் தன் டீயைக் குடித்தார்.